சாட்சிக்கு வந்த மச்சான்

1995 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல எட்டரைக்கு அலுவலகத்தைத் திறந்தேன். ஃபாக்ஸ் இயந்திரத்துக்குத் தாள் போட்டேன். தொலைபேசியில் பதிவாகியிருந்த செய்திகளைக் கேட்டு எழுதினேன். அந்த வாரம் முடிக்கவேண்டிய வீட்டுக் கோப்புகளைத் திகதி வரிசையில் லோயரின் மேசையில் அடுக்கினேன். அடுக்கிய பிறகுதான் அவர் அன்று வரமாட்டார் என்பது நினைவுக்கு வந்தது. அவருக்கு நியூமார்க்கெட் நீதிமன்றத்தில் முழுநாள் வழக்கு. மதிய இடைவேளையில் அவராக அழைத்தால்தான் உண்டு.

ரொறன்ரோவின் கிழக்கே, வோபர்னில் ஒரு சிறிய பிளாசா. மரக்கறிக் கடைக்கும் பயண முகவர் கடைக்கும் நடுவில் எங்கள் அலுவலகம். லோயர் ஒருவர், கிளார்க் நான் ஒருத்தி. சத்தியக் கடதாசியில் கையெழுத்திட்டு முத்திரை வைக்கும் அதிகாரம் எனக்கும் இருந்தது. சட்ட ஆலோசனை சொல்லும் அதிகாரம் இருக்கவில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மெல்ல மெல்லத்தான் காண்பீர்கள். படிவங்களை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். அதனால் படிவங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

காலத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோவில் வீட்டு விலை உச்சத்தில் நின்றது. இன்னும் ஏறும் என்ற பயத்தில், இலங்கையிலிருந்து வந்த எங்கள் சனம் இரண்டு வேலை செய்து, சீட்டுக் கட்டி, வீடு வாங்கியது. பிறகு விலை விழுந்தது, தொழிற்சாலைகளும் மூடின. வீட்டை விற்றாலும் கடன் தீராத நிலை. அந்த நேரத்தில் ஒரு பேச்சு பரவியது: ‘அவையள் திறப்பைக் குடுத்திட்டினமாம்.’ மோட்கேஜை, அதாவது வீட்டுக் கடனை, கட்ட முடியாமல் சாவியைப் பாங்கிடம் விட்டுப் போவதற்கு அப்படிப் பெயர். திறப்பைக் கொடுத்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சில குடும்பங்களுக்கு அதுவே சரியான வழியாகவும் இருந்தது. ஆனால் அதற்கும் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்ட ஆட்கள் கிளம்பினார்கள். அன்று பத்து மணிக்கு வந்த தம்பதிக்கு அப்படி ஒருவர் வழிகாட்டியிருந்தார்.

கணவர் பெயரைத் தவராசா என்று வைத்துக்கொள்வோம். மனைவி சுகந்தி. முப்பதுகளின் நடுவில் இருவரும். தவராசா ஒரு கடித உறையை என் மேசையில் வைத்தார்.

“அக்கா, உதிலை ஒரு ஸ்ராம்ப் அடிச்சுத் தந்தாச் சரி. லோயரைப் பாக்கத் தேவையில்லை.”

“தேவையில்லையெண்டு ஆர் சொன்னது?”

“வெளியிலை காருக்கை இருக்கிறார். அவர்தான் எங்களுக்கு எல்லாம் செய்து தாறவர்.”

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இயந்திரத்தை நிறுத்தாமல் ஒரு கார் நின்றது. உள்ளே இருந்தவரை எனக்குத் தெரியும். தன்னைக் கொன்சல்ரன்ற், ஆலோசகர், என்று சொல்லிக்கொள்பவர். சனத்துக்கு அவரைப் பிடிக்கும், கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்பார். தவராசா சொன்னபடி, வீட்டை விட்டுப் போக உதவுவதற்கு அந்த ஆள் மூவாயிரம் டொலர் கேட்டிருந்தார். பாதி முதலில், மீதி பத்திரம் முடிந்த பிறகு. வீட்டைத் தன்னுடைய கொம்பனியின் பெயருக்கு இரண்டு டொலருக்கு எழுதித் தரச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை வீடு மாற வான் ஒழுங்கு செய்தாகிவிட்டது. சுகந்தி பாத்திரங்களைக்கூடப் பெட்டியில் கட்டிவிட்டாள்.

எனக்கு முன்னால் இரண்டு எளிய வழிகள் இருந்தன. ஒன்று, கையெழுத்து தவராசாவுடையதுதானா என்று பார்த்து முத்திரையை வைப்பது. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. மற்றது, முடியாது என்று அனுப்புவது. அனுப்பினால் அவர் அடுத்த பிளாசாவுக்குப் போவார். அங்கே யாராவது வைத்துக் கொடுப்பார்கள். மறுத்ததில் என் கை சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். அவர்களை நாற்காலியில் இருத்தவேண்டும் என்று தோன்றியது. அதற்கு மேல் எந்தத் திட்டமும் இருக்கவில்லை.

“சத்தியம் பண்ணுற ஆளுக்குத் தான் என்னத்துக்குச் சத்தியம் பண்ணுறன் எண்டு விளங்கவேணும். அதைக் கேக்காமல் நான் முத்திரை வைக்கேலாது. ரெண்டு பேரும் இருங்கோ. இதிலை என்ன எழுதிக்கிடக்கெண்டு உங்கடை வாயாலை சொல்லுங்கோ பாப்பம்.”

தவராசா காரைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னார். “வீடு கொம்பனிக்குப் போகுது. பிறகு பாங்க் எங்களைத் தேடாது. கொம்பனியைத்தான் தேடும்.”

“கடனும் கொம்பனிக்குப் போகுதெண்டு எந்த இடத்திலை கிடக்கு?”

தாள்களைப் புரட்டினார். “இருக்கும்தானே அக்கா. வீடு போனால் கடனும் போகும்தானே?”

“அதுக்கு மறுமொழி லோயர்தான் சொல்லவேணும். ஆனால் வீட்டைக் குடுக்க உங்கடை கையெழுத்துக் காணும். கடனைக் கைமாத்த, கடன் தந்தவன்ரை கையெழுத்து வேண்டாமோ? அது இதிலை இல்லை.”

அவர் முகம் கொஞ்சம் மாறியது. பேச்சு இதோடு நின்றுவிடக்கூடாது என்றுதான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். வேறு காரணம் இல்லை. ஆனால் அன்று முதல் வேலையை விடும்வரை இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்காமல் விட்டதில்லை. நீங்களும் விடாதீர்கள்.

“வீடு வாங்கேக்கை கையெழுத்து வைக்க ஆர் ஆர் போனது?”

“நானும் இவவும். மச்சானும் வந்தவர்.”

“மச்சான் என்னத்துக்கு?”

“சாட்சிக்கு.”

அதுவரை பேசாமல் இருந்த சுகந்தி முதல் தடவையாகச் சிரித்தாள். “என்ரை அண்ணை, அக்கா. பொம்பிளை பாக்க வாற மாதிரி வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு வந்தவர்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், முடிக்கும்போது நொத்தாரிசுக்கு முன்னால் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வைப்பார்கள். பெரும்பாலும் உறவுக்காரர்கள். வந்து, கையெழுத்து வைத்து, சோடா குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதன்பிறகு அந்தக் காணிக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கையெழுத்துக்குக் கூட வருவதென்றால் எங்கள் ஆட்களின் மனதில் அதுதான் படம். அந்தப் படத்தோடுதான் அவர்கள் இங்கேயும் லோயர்மாரின் மேசைக்கு முன்னால் போய் இருந்தார்கள்.

“மச்சான் சம்பளத் துண்டு ஏதும் கொண்டு வந்தவரோ?”

“ஓம். என்ரை சம்பளம் காணாதெண்டு பாங்க் சொன்னது. அவர் எயார்போட்டிலை வேலைதானே, நல்ல சம்பளம். ரெண்டு துண்டு கேட்டவங்கள், குடுத்தவர்.”

“தம்பி, சாட்சிக்கு வாற ஆளிட்டை ஏன் சம்பளத் துண்டு கேக்கினம்?”

   சுகந்தி தவராசாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அண்ணை பிணை நிண்டவரோ?” என்று கேட்டாள்.

“அந்தப் பத்திரத்தை நான் காணேல்லை. லோயர் பாத்துத்தான் சொல்லவேணும். ஆனால் நான் உங்கடை இடத்திலை இருந்தால், அதைப் பாக்காமல் ஒரு கையெழுத்தும் வைக்கமாட்டன்.”

“அண்ணை இப்பத்தானே மில்லிக்கனிலை வீடு வாங்கினவர்...” அவள் கணவரின் பக்கம் திரும்பினாள். “அந்த வீட்டிலை ஆர் இருக்கினம் எண்டு உங்களுக்கு விளங்குதோ, அப்பா? உங்கடை தங்கச்சி!”

அவர்களுடையது மாற்றுக் கலியாணம். சுகந்தியைத் தவராசா கட்டினார், தவராசாவின் தங்கையைச் சுகந்தியின் தமையன் யோகன் கட்டினார். இரு பக்கமும் சீதனம் இல்லை. பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால் கணக்குச் சரி. அந்தச் சரியான கணக்குத்தான் தவராசாவின் வாயை அடைத்திருந்தது என்பது பிறகு வந்த பேச்சில் தெரிந்தது. தளபாடத் தொழிற்சாலையில் வேலை போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. மச்சானுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போவதுபோல வெளிக்கிட்டார்.

“அவரிட்டை என்னெண்டு அக்கா சொல்லுறது? நான் கை நீட்டினால் என்ரை தங்கச்சி அந்த வீட்டிலை தலை நிமிர்ந்து இருப்பாளோ? அவர் ஒண்டும் சொல்லமாட்டார். ஆனால் அவளுக்கு ஒரு சொல் வரும்.”

“வீடு போனால் மட்டும் வராதோ?” என்றாள் சுகந்தி.

அப்போது கதவு திறந்தது. கொன்சல்ரன்ற் உள்ளே வந்தார், இடுப்பில் பேஜர், முகம் நிறையச் சிரிப்பு.

“என்ன தங்கச்சி, ஒரு ஸ்ராம்புக்குப் பிள்ளைப்பேறு மாதிரி இவ்வளவு நேரமோ?”

“கொஞ்சம் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறம்.”

“என்னத்துக்கு விளக்கம்? நீர் என்ன லோயரோ?”

“இல்லை. அதுதான் லோயர் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

அவர் சத்தமாகச் சிரித்தார். கோபப்படவில்லை. மாதம் நாலைந்து பேரைத் தன்னால் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்ப முடியும் என்றும், லோயரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். அப்போது எங்களுக்கு வேலை குறைவு. இதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்தது. அவர் சொன்னது லோயருக்குப் பிடித்துப்போனால் நான் என்ன செய்வது என்ற பயம்.

தவராசா எழுந்து நின்றார். “அண்ணை, என்ரை மச்சான் பிணையெண்டு கோசைன் பண்ணியிருக்கிறார் போல கிடக்கு. அவருக்கு என்ன நடக்கும்?”

“எல்லாருக்கும்தான் ஆரோ ஒராள் கோசைன் பண்ணியிருக்கும். அதை அவர் பாத்துக்கொள்ளுவார். நீர் உம்மடை தலையைப் பாரும்.”

“அவர் என்ரை தங்கச்சியின்ரை புருசன்.”

“அதுக்கு நான் என்ன ஐசே செய்யிறது? உமக்கு வெளியாலை வரவேணுமோ வேண்டாமோ? உதுக்குள்ளை சொந்தம் பாத்தால் ஒண்டும் நடவாது.”

அவர் இதை வஞ்சமாகச் சொல்லவில்லை. பொறுமையிழந்த ஒருவர் உண்மையைச் சொன்னார். நான் எவ்வளவு விளக்கியிருந்தாலும் அந்த ஒரு வசனம் செய்த வேலையைச் செய்திருக்க முடியாது. இதிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சில நேரம் நாங்கள் வாயை மூடிக்கொண்டு மற்றவரைப் பேசவிட வேண்டும்.

சுகந்தி எழுந்தாள். “நேற்று நீங்கள் கூட்டிக்கொண்டு வந்து என்ரை குசினியைக் காட்டினது ஆருக்கு?”

“அது... வீட்டைப் பாக்க வந்தவை.”

“பேஸ்மென்டுக்கு எவ்வளவு, மேலுக்கு எவ்வளவு எண்டு வாடகை கதைச்சனீங்கள். நான் படியிலை நிண்டு கேட்டனான். பாங்குக்கு நாங்கள் கடன்காரர், வாடகை உங்களுக்கோ?”

தவராசாவுக்கு இது புதுச் செய்தி. அவர் என் மேசையில் இருந்த தாள்களைக் கூட்டி உறைக்குள் வைத்தார். கட்டிய பாதிக் காசைத் திருப்பித் தரும்படி கேட்டார். கட்டினது கட்டினதுதான் என்று பதில் வந்தது. கொன்சல்ரன்ற் சிரித்த முகத்தோடேயே வெளியேறினார். போகும்போது என்னைப் பார்த்து, “தங்கச்சி, சனத்துக்கு உதவி செய்யப் பழகும்” என்றார்.

மதியம் லோயர் நீதிமன்றத்திலிருந்து அழைத்தார். நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன்.  “நாளைக்கு முதல் வேலையா அவையளைப் பாக்கிறன். வேறை என்ன?” என்றார். நாலைந்து வாடிக்கையாளர் கதையையும் சொன்னேன். “அந்தாள் வந்தால் நான் இல்லையெண்டு சொல்லு” என்றார்.

மறுநாள் காலை லோயரைப் பார்க்க வரும்படி நான் சொல்லி, தம்பதி அப்போது போயிருந்தார்கள். ஆனால் போகுமுன் நடந்ததுதான் அன்றைக்கு எனக்குக் கடினமாக இருந்தது. தவராசா தங்கள் காரை எடுக்கப் போன நேரம் சுகந்தி திரும்பி வந்து ஒரு துண்டுக் காகிதத்தில் தமையனின் நம்பரை எழுதி நீட்டினாள்.

“அக்கா, நீங்கள் அண்ணைக்கு ஒரு கோல் அடியுங்கோ. இவர் சொல்லமாட்டார். எனக்கு இவரைத் தெரியும்.”

“நான் அடிக்கேலாது, தங்கச்சி. உங்கடை விசயம் இந்தக் கதவுக்கு வெளியிலை போகக்கூடாது. அது என்ரை வேலை.”

“அண்ணை நடுத்தெருவிலை நிண்டாலுமோ?”

இதற்குச் சட்டத்தில் ஒரு பதில் உண்டு. மனதில் வேறொரு பதில் உண்டு. நான் இரண்டையும் சொல்லவில்லை. “நீங்கள் அடிக்கலாம். உங்கடை அண்ணை. ஆனால் இண்டைக்கு இரவு வரைக்கும் இவருக்கு விட்டுப் பாருங்கோ. இவரின்ரை வாயாலை வந்தால் அது வேறை” என்றேன். காகிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிய விதத்தில் என்மேல் மரியாதை ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

அன்று பின்னேரம் முழுக்க அந்த நம்பர் என் தலைக்குள் இருந்தது. ஒருமுறை பார்த்தால் எண் மறக்காத ஆள் நான். வீட்டில் சமைக்கும்போதும் தொலைபேசியைப் பார்த்தேன். தவராசா சொல்லாமலே விட்டால், வேறொரு பிளாசாவுக்குப் போனால், ஒருநாள் அந்த மில்லிக்கன் வீட்டுக் கதவில் நீதிமன்றக் கடிதம் வரும். அதைத் திறக்கும் மனிதர் தான் சாட்சிக்குப் போன நாளை நினைத்துப் பார்ப்பார். எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பதை அவர் ஒருநாளும் அறியமாட்டார். அறியமாட்டார் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. இரகசியம் காப்பது என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அது ஒரு வரி. அதைச் சுமந்துகொண்டு இரவுச் சமையல் செய்வது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

இன்னொன்றையும் அன்று யோசித்தேன். மூவாயிரம் டொலரைத் தவராசா எதற்காகக் கொடுக்க ஒப்புக்கொண்டார்? சட்டம் தெரிந்த ஒருவரிடம் அதைவிடக் குறைந்த காசுக்குப் போயிருக்கலாம். ஆனால் லோயர் கேள்வி கேட்பார். கொன்சல்ரன்ற் கேட்கவில்லை. யாருக்கும் எதுவும் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை வானில் ஏறிப் போய்விடலாம் என்று அவர் சொன்னார். அந்த மௌனத்தைத்தான் தவராசா காசு கொடுத்து வாங்கினார். அப்படி வாங்க வருபவர்களை இனிமேல் நீங்களும் காண்பீர்கள். முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் யாரிடம் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள் என்று பாருங்கள். அலுவல் அங்கேதான் இருக்கும்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யோகன் பிணைதான் நின்றிருந்தார். தவராசாவின் வீடு மிஞ்சவில்லை. அடுத்த வருடம் பாங்கோடு பேசி, முறையாக விற்று, கடனுக்குப் போதாமல் குறைந்த தொகையை இரண்டு குடும்பமும் பல வருடம் சேர்ந்து கட்டின. மில்லிக்கன் வீடு தப்பியது. கொடுத்த பாதிக் காசு திரும்பி வரவேயில்லை. இது பெரிய வெற்றிக் கதை இல்லை. எங்கள் வேலையில் அப்படிப்பட்டவை குறைவு.

மறுநாள் புதன்கிழமை நான் வந்தபோது அலுவலக வாசலில் இரண்டு ஆண்கள் நின்றார்கள். ஒருவர் தவராசா. மற்றவர் எயார்போட் சீருடைக்கு மேலே தடித்த ஜக்கெட் போட்டிருந்தார். இரவு வேலை முடித்து மிசிசாகா விமான நிலையத்திலிருந்து நேரே வந்த கண்கள். இருவருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கக்கூடிய இடைவெளி இருந்தது.

“நீங்களோ அந்த அக்கா?” என்று சீருடைக்காரர் கேட்டார். “நான் யோகன். சாட்சி.”

நான் கதவைத் திறந்தேன். லோயர் எனக்கு முன்னரே வந்து உள்ளே இருந்தார். இருவரையும் பார்த்ததும் எழுந்து வந்து கைகொடுத்தார். பிறகு அவர்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னார். கடன்காரருக்கும் பிணையாளிக்கும் ஒரே லோயர் பேச முடியாது. நாளைக்கு ஒருவருக்கு நல்லதாக இருப்பது மற்றவருக்குக் கெடுதலாக இருக்கலாம். இரண்டில் ஒருவரைத்தான் தன்னால் பார்க்க முடியும்.

தவராசா உடனே சொன்னார், “அப்ப மச்சானைப் பாருங்கோ. பிழை விட்டது நான்.”

“நீ பேசாமல் இரு” என்றார் யோகன். வந்ததிலிருந்து அவர் மச்சானிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். லோயரிடம் திரும்பினார். “இவனைப் பாருங்கோ ஐயா. இவன் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டான். இண்டைக்குத்தான் வாய் திறந்திருக்கிறான், மூட முதல் கேட்டிடுங்கோ. எனக்கு வேறை ஆளைக் காட்டுங்கோ.”

பிளாசாவின் மறுமுனையில், வங்கிக்கு மேலே, எங்களுக்குப் பழக்கமான இன்னொரு லோயர் இருந்தார். நான் கோட்டைக் கழற்றவே இல்லை. யோகனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வாகனத் தரிப்பிடத்தில் மெல்லிய பனி படிந்திருந்தது.

“ராத்திரி பிரேக்குக்கு வெளியாலை வாறன், கேற்றடியிலை உவன்ரை கார் நிக்குது” என்றார் அவர். “ஆரோ செத்துப்போச்சினம் எண்டுதான் நினைச்சனான். எல்லாத்தையும் சொன்னான். ஒரு அறை விட்டிருப்பன், அக்கா. கை தூக்கினாப் பிறகுதான் யோசிச்சனான், உவனிலை கை வைச்சால் எனக்கு ரெண்டு வீட்டிலையும் சாப்பாடு இல்லை.”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சத் தூரம் நடந்தபின், “வேலை போய் ஏழு மாசமாம். ஒவ்வொரு ஞாயிறும் என்ரை மேசையிலை இருந்து சாப்பிட்டவன். நானும் கேக்கேல்லைத்தானே” என்றார்.

படிகளில் ஏறினோம். அந்த அலுவலகம் இன்னும் திறக்கவில்லை, ஆனால் உள்ளே விளக்கு எரிந்தது. அன்று காலை நான் செய்த முதல் வேலை அந்தக் கதவைத் தட்டியது.